பற்றில்லாதவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி

அந்த அறையில் நாலு கட்டில், நாலு இயந்திரம், ஒரே ஒரு டிவி. சண்டை வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

சிறுநீரகம் கைவிட்டுப் போனவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, மறுபடியும் உள்ளே அனுப்பும் அறை அது. மருத்துவமனையின் மூன்றாவது மாடி. வாரத்துக்கு மூன்று நாள், காலை முறைக்கு அதே நாலு பேர்தான் வருவார்கள். வந்ததும் எடை பார்க்க வேண்டும். திருட்டுத்தனமாகக் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாலும் அந்த எடை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கையில் இரண்டு ஊசி. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கைதான் ரிமோட்டுக்கு அலைந்தது.

ஜன்னலோரக் கட்டில் புத்தகக்காவுடையது. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தே தலை நரைத்தவள். கல்யாணம், குழந்தை எதுவும் இல்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை, அந்த அறை நிறையப் புத்தகம். ஊசி ஏறாத கையில் புத்தகத்தைப் பிடித்து, கட்டைவிரலாலேயே பக்கத்தைத் தள்ளிப் படிப்பாள். நடுவில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் பல்லில் கல் கடிபட்டதுபோல முகம் சுளித்து, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் மேலே போவாள்.

"காசு குடுத்து வாங்கின புத்தகத்துக்கும் நீங்களேதான் வேலை பார்க்கணுமாக்கா?" என்று கேட்பார் அடுத்த கட்டில் டிரைவர். புத்தகக்கா என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

டிரைவர் லாரி ஓட்டியவர். உடம்பு கெட்ட பிறகு வண்டியில் ஏறவில்லை. அவரும் படிப்பார், எல்லாம் சட்டைப் பையில் அடங்குகிற துப்பறியும் நாவல்கள். எடுத்த எடுப்பில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். யார் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம் முதல் பக்கத்துக்கு வருவார்.

"இதென்ன படிப்பு தம்பி? முடிவு தெரிஞ்சப்புறம் படிக்க என்ன இருக்கு?"

"முடிவு தெரியாம நாளெல்லாம் ஓட்டியாச்சுக்கா. புத்தகத்துலயாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேனே."

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் சிரித்தால் இயந்திரங்களின் முனகல்கூடக் கேட்காது.

மூன்றாவது கட்டிலில் தையல்காரி. முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, இரண்டு பிள்ளைகள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைதான் அவளுக்கு உயிர். ஏதாவது ஒரு வாரம் தவறிப்போனால், போனதைத் தேடிப் போக மாட்டாள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று அவளே ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்வாள். பல சமயம் அவள் தைத்தது எழுதியவர் எழுதியதைவிடப் பொருத்தமாக இருக்கும்.

கதவோரம் வக்கீல். அறுபதைத் தாண்டியவர், வறட்டுக் குரல். படித்ததெல்லாம் போதும் என்று புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டார். ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய காகிதத்தை மட்டும் விடமாட்டார். எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருக்கும் பக்கவிளைவுகளை ஒன்றுவிடாமல் சத்தமாகப் படிப்பார். "தலைசுற்றல், வாந்தி, நாக்கு வறட்சி, அரிதாக மரணம். அரிதாகவாம்! இப்படிப் பொத்தாம்பொதுவா எழுதினா எந்தக் கோர்ட்ல நிக்கும்?" டிவியில் அவருக்கு வேண்டியது நாலு பேர் உட்கார்ந்து கத்தும் விவாதம். ரிமோட் அவர் கைக்குப் போனால் போனதுதான். ஆமை வாயிலிருந்து பிடுங்குவது சுலபம்.

ஒருநாள் தையல்காரி வாரப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாரும் கேளுங்க. 'நீங்கள் ரசிக்கும் நிகழ்ச்சி எது? சொல்லுங்கள், நீங்கள் யார் என்று சொல்கிறோம்.' ஆளுமைத் தேர்வாம்."

புத்தகக்கா எட்டிப் பார்த்தாள். "ஆளுமை இல்ல. 'ஆலுமை'ன்னு போட்டிருக்கான். லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் நம்ம குணத்தைச் சொல்லப்போறானா?"

அவளுக்கு இந்த மாதிரிச் சமாசாரம் எப்படி உருவாகிறது என்று தெரியும். பக்கம் கட்டும்போது கடைசி நேரத்தில் விளம்பரம் வராமல் போய் அரைப் பக்கம் காலியாக நிற்கும். அலுவலகத்தில் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எதையாவது எழுதி அடைப்பார். பொந்தில் துணி திணிப்பது மாதிரிதான்.

"தெரிஞ்ச மாதிரி சொல்லுவான், கேட்டுத்தான் பார்ப்போமே," என்றார் டிரைவர். "முதல்ல வக்கீல் சாருக்குப் பாரும்மா."

தையல்காரி விரல் வைத்துப் படித்தாள். "விவாதம் பார்ப்பவர். தோற்கப் பிடிக்காதவர். எதற்காகவும் தன் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்."

அறையே சிரித்தது. வக்கீல் ரிமோட்டைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "இதுக்குச் சாட்சி இருக்கா? சாட்சி இல்லாத குற்றச்சாட்டு," என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

"எனக்கு: குடும்பத் தொடர் பார்ப்பவர். பிறர் கண்ணீரைத் தன் கண்ணீராக நினைப்பவர். சரியாத்தான் இருக்கு. டிரைவரண்ணே, உங்களுக்கு: நகைச்சுவை பார்ப்பவர். அச்சம் என்பதையே அறியாதவர். எமனே எதிரில் வந்தாலும் கேலி பேசி அனுப்பிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இவரே தைரியம்."

"அப்படிப் போடு!" டிரைவர் சும்மா இருந்த கையால் மீசையைத் தடவினார். "எமன் வந்தா லோடு ஏத்தச் சொல்லி வேலை வாங்கிடுவேன்."

புத்தகக்காவுக்குப் பிடித்தது விலங்குகளைப் பற்றிய படங்கள். காட்டில் ஒரு மான் ஓடும், ஒரு புலி துரத்தும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அமைதியான குரலில் ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பார். அதற்குப் பத்திரிகை சொன்னது இது: 'பற்றில்லாதவர். வருவதை வந்தபடியே ஏற்பவர். தனக்கென்று எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் மனமுவந்து வழிவிடுவார்.'

"கரெக்ட்! எங்கக்காவுக்கு அச்சு அசலா எழுதியிருக்கான்!" என்று தையல்காரி கத்தினாள்.

"ஆலுமைக்காரன் சொல்றது," என்று புத்தகக்கா உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அந்த மூன்று வாக்கியங்களையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதில் திருத்த எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அது விளையாட்டாகவே ஒட்டிக்கொண்டது. குளிர்கிறது என்று தையல்காரி சொன்னால், "பற்றில்லாதவங்ககிட்ட ரெண்டு போர்வை எதுக்கு? அங்க வாங்கிக்கோ," என்பார் டிரைவர். புத்தகக்கா கொடுத்துவிடுவாள். சிஸ்டர் யாருக்கு முதலில் ஊசி போடுவது என்று பார்த்தால், "மத்தவங்களுக்குப் போடு, நான் இருக்கேன்," என்பாள். சொல்லும்போது ஒரு நிறைவாக இருக்கும். போர்வையிலும் ரிமோட்டிலும் பற்றில்லாமல் இருப்பதற்கு என்ன செலவு?

டிரைவரும் மாறினார். முன்பெல்லாம் ஊசி குத்தும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பவர், இப்போது ஊசியையே பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடினார். எல்லோரும் சிரிக்க வேண்டுமே என்று இன்னும் சத்தமாகப் பாடினார். நெற்றியில் அரும்பும் வியர்வையை யாரும் கவனிக்கவில்லை. அச்சம் அறியாதவருக்கு எதற்கு வியர்க்கிறது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

மழைக்காலம் வந்தது. ஒரு தடவை இரண்டு முறைகளுக்கு நடுவே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி முழுக்க வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மறுபடி மருத்துவமனைக்கு வரவேண்டிய காலையில் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். புத்தகக்காவைத் தம்பி பாதித் தூரம் வண்டியில் கொண்டுவந்து விட்டு, மீதித் தூரம் கையைப் பிடித்து நடத்தி வந்தான். மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடம், இதயத்துடிப்பு எடுக்கும் அறை, மோட்டார் எல்லாம் கீழேதான். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடியும் படி ஏற வேண்டும்.

நாலு பேரும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக ஏறி வந்தவர் டிரைவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று வந்தார். எடை பார்க்கும் பலகையில் கால் வைக்கும்போது தடுமாறினார்.

"என்னண்ணே?" என்றாள் தையல்காரி. அவளுக்கே மூச்சு முட்டிக்கொண்டு வந்தது.

"காலு லீவு கேக்குதும்மா. மழைக்குப் பள்ளிக்கூடமே லீவு விட்டிருக்காங்க, இதுக்கு விடக்கூடாதான்னு கேக்குது."

சிஸ்டர் அன்று தனியாள். டாக்டர் வழியில் மாட்டிக்கொண்டு ஃபோனில்தான் இருந்தார். இயந்திரங்களுக்குச் சாதாரணத் தண்ணீரை ஊற்ற முடியாது. அதற்கென்று தனியாகச் சுத்திகரித்து மொட்டை மாடித் தொட்டியில் ஏற்றி வைத்திருப்பார்கள். மோட்டார் நின்றுபோனதால் புதிதாக ஏற வழியில்லை. தொட்டியில் இருப்பதை வைத்து இரண்டு பேரைப் பார்க்கலாம். சிஸ்டர் நாலு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் காலணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்குத்தான் தண்ணி இருக்கு. மத்த ரெண்டு பேரையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பறேன். அங்க பேசிட்டேன், இடம் இருக்கு. போய்ச் சேர நேரமாகும். அதான்… முடியறவங்க போனா நல்லது."

தையல்காரியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் உதடு கறுத்து, உட்கார்ந்தபடி வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கட்டில் போயிற்று. இன்னொன்றுக்கு மூன்று பேர்.

சிஸ்டர் வக்கீல் பக்கம் தயங்கித் திரும்பினாள். அங்கேதான் சண்டை வரும் என்று அவள் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது.

வக்கீல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் போறேன். எனக்கு இழுப்பு ஒண்ணும் இல்ல," என்றார். அவ்வளவுதான். ஒரு வாதமும் இல்லை.

"டிரைவரண்ணே, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எருமைக்கு எப்படி இருக்கும் சிஸ்டர்? மழையில நனைஞ்சா குஷியாத்தான் இருக்கும்."

அந்த மூச்சுத் திணறலிலும் தையல்காரி சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தாள். அந்தக் காலையில் யாருக்காவது சிரிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை அவர் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுப் புத்தகக்காவைப் பார்த்தார். சிஸ்டரும் பார்த்தாள்.

"அக்கா?" என்றாள் சிஸ்டர். அது கேள்வியே இல்லை. பதிலையும் அதற்குள்ளேயே வைத்துத்தான் கேட்டாள். பற்றில்லாதவர், மனமுவந்து வழிவிடுவார்.

நான் போறேன் என்று சொல்லத்தான் புத்தகக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் கண் ஜன்னலுக்குப் போயிற்று. கீழே ஆம்புலன்ஸ் நின்றது. சக்கரம் தெரியவில்லை. செம்மண் நிறத் தண்ணீர் அதன் கதவை நக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சுழன்று சுழன்று அதனோடு போயிற்று. அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நாலு காலில் எழுந்து நின்றது.

"எனக்கு நெஞ்சை அடைக்குது சிஸ்டர். விடியற்காலையிலேர்ந்தே."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். நெஞ்சு அடைக்கவில்லை. படி ஏறிய களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தாள். வெளியே மழை இரைந்தது, பக்கத்தில் ஜெனரேட்டர் அலறியது, எதிர்க் கட்டிலில் தையல்காரி திணறினாள். சரியாகக் கேட்பதற்கு நேரமும் இல்லை, காதும் இல்லை.

"சரி, படுங்க," என்றாள்.

வக்கீல் வாசலில் நின்று புத்தகக்காவைப் பார்த்தார். ஆயுள் முழுக்கக் கூண்டில் ஏறி நின்றவர்களைப் பார்த்தே பழகிய கண். பிறகு படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர்தான் சொன்னார். "முடியலையாக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன? படுங்க, படுங்க. நானும் வக்கீல் சாரும் ஜாலியா ஊர் சுத்திட்டு வர்றோம்." அவளுடைய தலையணையை எடுத்து ஒரு தட்டுத் தட்டிச் சரியாக வைத்தார். கதவுவரை போனவர் ஒருமுறை திரும்பினார். தன் கட்டிலைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பிறகு, "நாங்க வர்றதுக்குள்ள டிவியில நல்லதா ஒண்ணு போட்டு வைங்க," என்று சொல்லிவிட்டு, வக்கீலின் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.

ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் வெளியே ஓடி, சுற்றி, திரும்பி வந்தது. சிறிது நேரத்தில் உடம்பு லேசாகத் தொடங்கியது. அது சுகமாக இருந்தது. வேறு எதை மறந்தாலும் அந்தச் சுகத்தை மட்டும் தன்னால் மறக்க முடியாது என்று புத்தகக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஃபோன் வந்தபோது இருவருக்கும் இன்னும் முடிந்திருக்கவில்லை. சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டிரைவரண்ணன்…" என்றாள்.

தையல்காரி வாய்விட்டு அழுதாள். புத்தகக்காவுக்கு அழுகை வரவில்லை. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு, அடுத்த முறைக்கு வக்கீல் வந்தார். தையல்காரி மேல் மாடி வார்டில் சேர்ந்திருந்தாள். அறையில் இவர்கள் இருவரும்தான். ரிமோட் மேசைமேல் கிடந்தது, அவர் தொடவில்லை. கூரையைப் பார்த்தபடி தானாகவே பேசினார்.

"பாலத்துக்கு ஏறுற இடத்துல வண்டி நின்னுபோச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. அந்த ஆள் கொஞ்ச நேரம் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருந்தார். அப்புறம் என் கையைப் பிடிச்சார். 'சார், பயமா இருக்கு சார். ரெண்டு காலும் இல்லாத மாதிரி இருக்கு'ன்னார். 'ஏன்யா, அங்கேயே சொல்றதுக்கென்ன?'ன்னு கத்தினேன். நான் கத்தினேம்மா அவரை. அதுதான் அவர் கடைசியா கேட்ட குரல்."

"என்ன சொன்னார்?"

"'எப்படி சார் சொல்றது? நான் பயப்படற ஆளுன்னா சிரிக்க மாட்டாங்களா'ன்னார். அவருக்கு முதல் நாள்லேர்ந்தே பயமாம். ஊசின்னா பயம். இந்த ரூம்னா பயம். மெஷின் சத்தம் மாறினா பயம். சொல்லிக்கிட்டே இருந்தார். பேச்சு அப்படியே நின்னுபோச்சு. ரத்தத்துல உப்பு ஏறினா கால்தான் முதல்ல போகுமாம். இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுடுமாம். அந்தப் பக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் அங்க டாக்டர் சொன்னார்."

பலகையில் தடுமாறிய கால் புத்தகக்காவின் கண்முன் வந்தது. காலு லீவு கேக்குதும்மா. முப்பது வருஷம் வரிவரியாகப் பிழை பார்த்தவள், எதிரில் நின்ற ஆளைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

"வக்கீல் சார், அன்னிக்கு எனக்கு நெஞ்சு…"

"வேண்டாம்மா." அவர் கையை உயர்த்தினார். "என்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நான் ஏதாவது பதில் சொல்லணும்."

வாய்க்குள் திரும்பிப் போன அந்தச் சொல் அங்கே கிடக்கவில்லை. வேலையில் உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை மூன்று தடவை பார்த்தும் பிழை கண்ணில் படவில்லை. பதிப்பகத்திலிருந்து, "உடம்பு சரியானதும் பார்த்துக்கலாம்," என்று தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டிரைவரின் வீடு எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

பேருந்தை விட்டிறங்கி, டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்குப் பக்கவாட்டில் இருந்த இரும்புப் படியில் ஏற வேண்டும். மேலே ஒரே அறை. டிரைவரின் மனைவி துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கையெல்லாம் சிவந்திருந்தது. புத்தகக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில அவர்கூட இருந்தவங்களா? நாலு பேர்னு சொல்லியிருக்கார். அதுக்கு மேல ஒண்ணும் சொன்னதில்ல."

"உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா எங்களுக்கெல்லாம் அங்க பொழுதே போகாதும்மா. சிரிக்க வைச்சே எங்களை…"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

அந்தப் பெண் ஆள் மாறி வந்துவிட்டீர்களா என்பதுபோல் பார்த்தாள். "அவர் சிரிப்பாரா?"

புத்தகக்கா பாட்டைச் சொன்னாள், எமனுக்கு லோடு ஏற்றுகிற கதையைச் சொன்னாள், கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பதைச் சொன்னாள். டிரைவரின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுல ரெண்டு வருஷமா டிவி ஓடினதில்லைங்க," என்றாள் மெதுவாக. "சத்தம் கேட்டாலே எரிஞ்சு விழுவார். பொண்ணு வாய்விட்டுப் பாடம் படிச்சாக்கூட ஆகாது. சுவரைப் பார்த்து உக்காந்திருப்பார். என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லை. பொண்ணு அவர்கிட்ட போறதையே விட்டுடுச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு மட்டும் எந்திரிச்சு, முகம் மழிச்சு, நல்ல சட்டையா தேடிப் போட்டுக்கிட்டுப் போவார். அங்க என்ன வாழுதுன்னு நினைச்சுப்பேன்." ஆணியில் தொங்கிய அவர் சட்டையைப் பார்த்தாள். "இதுதானா? அந்தச் சிரிப்புல ஒரு கை அள்ளி எங்களுக்கும் கொண்டுவந்திருக்கலாம்."

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு புத்தகக்கா பல தடவை நினைத்துக்கொண்டாள். அன்று எழுந்திருக்கவில்லை. வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். தண்ணீர் இரண்டு பேருக்குத்தான் இருந்தது, இரண்டாவது கட்டில் அவருக்குப் போயிருக்க வேண்டியது, தனக்கு நெஞ்சு அடைக்கவே இல்லை.

டிரைவரின் மனைவி சிவந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். கீழே கடையில் யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"சொல்லணும்னு…"

"சொல்லிட்டீங்க. நான் என்ன செய்யணும்? பரவாயில்லைங்கன்னு சொல்லணுமா? சொன்னா நீங்க லேசாப் போயிடுவீங்க. நான்?" அவள் குரல் உயரவே இல்லை. "மழைதான் கொண்டுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மழைமேல கோபப்பட முடியாது இல்லையா, அது ஒரு நிம்மதியா இருந்துச்சு. அதையும் வாங்கிட்டுப் போறீங்களே."

"அம்மா…"

"பொண்ணு வர்ற நேரம். அவ முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம். எந்திரிங்க."

எழுந்தாள். இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கும்போது, புத்தகப் பையைச் சுமந்தபடி ஒரு சிறு பெண் ஏறி வந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள் புத்தகக்கா. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் மேலே போனாள்.

இதெல்லாம் நடந்ததற்காக ரத்தம் தானாகச் சுத்தமாகிவிடுமா? வாரத்துக்கு மூன்று நாள் மூன்றாவது மாடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். டிரைவரின் கட்டிலுக்குக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். தையல்காரியும் திரும்பி வந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். அவள் இப்போது பத்திரிகை கொண்டுவருவதில்லை. வக்கீல் ஒருநாள் விவாதம் வைத்தார், கொஞ்ச நேரத்தில் அவரே சத்தத்தைக் குறைத்து அணைத்துவிட்டார். புத்தகக்காவுடன் எல்லோரும் பேசினார்கள். மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, மாத்திரையைப் பற்றி. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சிஸ்டர் மட்டும் ஒன்றை அடியோடு விட்டுவிட்டாள். எப்படி இருக்கு என்று இப்போது அவள் யாரையும் கேட்பதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று யாராவது தாங்களாகவே சொன்னாலும், முடியவில்லை என்று சொன்னாலும், தலையை மட்டும் ஆட்டுவாள். ஜன்னலை மூடுவாள், டிவியை அணைப்பாள், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாக வருவாள். காலை அழுத்திப் பார்ப்பாள், எழுந்து நிற்கச் சொல்வாள், நாலு அடி நடக்கச் சொல்வாள்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும் புத்தகக்கா தானாகவே திரும்பி முதுகைக் காட்டி உட்காருவாள். சில்லென்ற வட்டம் முதுகில் இடம் மாறி மாறிப் பதியும்.

"இழுங்க."

இழுப்பாள்.

"விடுங்க."

விடுவாள். சிஸ்டர் அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரைக்கும் கேட்பாள்.

"சுத்தமா இருக்கு," என்பாள் காதிலிருந்து குழாயை எடுத்தபடி. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கீங்க."